விண்கலத்துக்கு அழுக்கு வந்த கதை

விண்வெளியில் மழை கிடையாது, காற்று கிடையாது, புழுதி பறக்கிற ரோடும் கிடையாது. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் இரும்பு துருப்பிடிக்காது. அப்படியிருக்க, ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் மில்லெனியம் ஃபால்கன் விண்கலம் மட்டும் ஏன் இருபது வருஷம் நெடுஞ்சாலையில் ஓடித் தேய்ந்த லாரி மாதிரி இருக்கிறது? அதைவிட வேடிக்கை, அந்தக் கலத்தின் பிளாஸ்டிக் கிட்டை வாங்கிக் கட்டுகிறவர்கள். பாகங்களை ஒட்டி முடிக்க ஒரு வாரம் ஆனால், அதை அழுக்காக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்வார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

மாடல் கட்டுகிறவர்கள் இந்த வேலையை வெதரிங் என்பார்கள். பெயின்ட் உரிந்த இடம், கரி படிந்த இடம், எண்ணெய் வழிந்த தடம், வெயிலில் வெளுத்த தகடு எல்லாவற்றையும் கையால் வரைவது. கூர்ந்து பார்த்தால் இது ஒரு விசித்திரமான காரியம். நேற்று டப்பாவிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்குக்கு முப்பது வருஷ வாழ்க்கை வரலாறு எழுதுகிறோம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கதை இங்கிலாந்தில் ஒரு தொழிற்பேட்டையில் தொடங்கி, வாஷிங்டனில் ஒரு அருங்காட்சியகத்தில் முடிகிறது.

வெள்ளி ராக்கெட் காலம்

1950இல் வந்த 'டெஸ்டினேஷன் மூன்', 1951இல் வந்த 'வென் வேர்ல்ட்ஸ் கொலைட்' இரண்டுமே ஜார்ஜ் பால் தயாரித்த படங்கள். இரண்டிலும் விண்கலம் பளபளவென்று வெள்ளி நிறத்தில், வால் பக்கம் துடுப்புகளோடு இருக்கும். ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுக்குத் தம்பி மாதிரி. 1956இல் வந்த 'ஃபர்பிடன் பிளானெட்' படத்தின் பறக்கும் தட்டு இன்னும் வழவழப்பு. ஒரு தையல் கோடுகூடத் தெரியாது.

இதை அந்தக் காலத்துக் கைத்திறன் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ராக்கெட் கதைகளில் நடப்பது முதல் பயணம். நேற்றுக் கட்டிமுடித்த கலம், இன்று கிளம்புகிறது. கடந்த காலமே இல்லாத ஒரு பொருளுக்கு அழுக்கு எப்படி இருக்கும்? விண்கலம் அழுக்காக வேண்டுமானால் முதலில் விண்பயணம் அன்றாட வேலையாக மாற வேண்டும். ஆபீஸ் போவது போல, சரக்கு இறக்குவது போல. அந்தக் கற்பனை வந்த பிறகுதான் அழுக்கு வந்தது.

ஸ்லௌ தொழிற்பேட்டை

லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ என்ற ஊர். அங்கே தொழிற்பேட்டைக் கட்டடங்களில் ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதி பொம்மைகளை வைத்துத் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துவந்தார்கள். 1965இல் வந்த 'தண்டர்பேர்ட்ஸ்' அதில் பிரபலமானது. ஆபத்தில் இருப்பவர்களை மீட்கும் ஒரு குடும்பம், அவர்களுடைய ராட்சத வாகனங்கள். அந்த வாகனங்களுக்கெல்லாம் பொறுப்பு டெரிக் மெடிங்ஸ். பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கும் 'சூப்பர்மேன்' படத்துக்கும் மாடல் வேலை செய்தவர் இவர்தான்.

மெடிங்ஸ் குழுவுக்கு இருந்த சிக்கல் எளிமையானது. மேஜைமேல் அடங்குகிற ஒரு பொருளைக் கப்பல் அளவு பெரியதாகக் காட்ட வேண்டும். ஒரே நிறத்தில் வழவழப்பாக இருக்கிற பரப்பைப் பார்த்தால் நம் கண்ணுக்கு அளவு பிடிபடாது. அது சோப்புப் பெட்டியா, கப்பலா என்று சொல்ல முடியாது. துறைமுகத்தில் நிற்கும் நிஜக் கப்பலைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான தகடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயல். நங்கூரத் துளைக்குக் கீழே துரு வழிந்த கோடு. பெரிய பொருள் ஒருநாளும் சீரான நிறத்தில் இருப்பதில்லை. அந்தச் சீரின்மையைத்தான் கண் 'பெரியது' என்று படிக்கிறது.

அதனால் மெடிங்ஸ் ஆட்கள் இரண்டு காரியம் செய்தார்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிட்டுகளிலிருந்து சின்னச் சின்னப் பாகங்களைப் பிய்த்து மாடல்மேல் ஒட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் அழுக்காக்கினார்கள். இன்று மாடல் கட்டுகிற யாரும் செய்கிற இரண்டு அடிப்படை வேலைகளும் அங்கே தினசரி வாடிக்கையாக நடந்தன.

வெள்ளையும் துருவும்

மெடிங்ஸிடம் வேலை பார்த்த பிரையன் ஜான்சன் அங்கிருந்து ஸ்டான்லி கூப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்குப் போனார். 1968இல் வெளிவந்த அந்தப் படத்தின் டிஸ்கவரி கலத்தின் பெரிய மாடல் 54 அடி நீளம், அதாவது பதினாறு மீட்டருக்கு மேல். அதன் மேற்பரப்பிலும் கிட் பாகங்கள் ஏராளம். ஆனால் கூப்ரிக்கின் கலங்கள் சுத்தமானவை. அரசாங்கக் கலம், நன்றாகப் பராமரிக்கப்படுவது, வெள்ளை நிறம். நுணுக்கத்தை எடுத்துக்கொண்டார், அழுக்கை விட்டுவிட்டார்.

அந்தப் படத்தின் காட்சி விளைவுகளில் வேலை பார்த்த டக்ளஸ் ட்ரம்புல், 1972இல் தானே இயக்குநராகி 'சைலன்ட் ரன்னிங்' எடுத்தார். பூமியின் கடைசிக் காடுகளைச் சுமந்துபோகும் சரக்குக் கப்பலின் கதை. கப்பலின் பெயர் வேலி ஃபோர்ஜ். அந்தப் பெயரும் சும்மா வைத்ததில்லை. கலிபோர்னியாவின் லாங் பீச்சில் உடைப்புக்காகக் காத்திருந்த யுஎஸ்எஸ் வேலி ஃபோர்ஜ் என்ற நிஜ விமானந்தாங்கிக் கப்பலுக்குள்தான் உட்புறக் காட்சிகளை எடுத்தார்கள். வெளிப்புறத்துக்குச் செய்த மாடல் சுமார் 25 அடி. அதை மூடியவை நூற்றுக்கணக்கான டாங்கி கிட்டுகளின் பாகங்கள். இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கிகளின் சக்கரங்களும் மூடிகளும் காடு சுமக்கும் கப்பலின் தோலாக மாறின. அந்தக் குழுவில் இருந்த இளைஞர் ஒருவரின் பெயர் ஜான் டிக்ஸ்ட்ரா.

வேன் நைஸ், 1975

ஜார்ஜ் லூகாஸ் 1975இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வேன் நைஸ் என்ற இடத்தில் ஒரு கிடங்கை எடுத்து இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தைத் தொடங்கினார். சுருக்கமாக ஐஎல்எம். பொறுப்பில் வைத்தது டிக்ஸ்ட்ராவை. மாடல் பிரிவுக்கு கிராண்ட் மெக்கியூன் தலைமை. லார்ன் பீட்டர்சன், ஸ்டீவ் காலி, பால் ஹஸ்டன் என்று பலர் சேர்ந்தார்கள். ஜோ ஜான்ஸ்டன் வடிவங்களை வரைந்தார்.

லூகாஸ் கேட்டது பழகிய உலகம். எல்லாமே யாரோ பயன்படுத்தி, ரிப்பேர் பார்த்து, மறுபடி பயன்படுத்தியதாக இருக்க வேண்டும். கதையில் லூக் ஃபால்கனை முதல்முறை பார்த்ததும் குப்பை என்றுதான் சொல்கிறான். அந்த வசனம் எடுபட வேண்டுமானால் பார்வையாளனுக்கும் அது குப்பையாகத் தெரிய வேண்டும், ஆனால் ஓடுகிற குப்பையாக.

ஃபால்கனுக்கே ஒரு பழைய வாழ்க்கை உண்டு. முதலில் அதற்கு நீளமான வேறு வடிவம் இருந்தது. 1975இல் 'ஸ்பேஸ்: 1999' தொடர் வந்தது. அதில் பிரையன் ஜான்சன் செய்த ஈகிள் கலம் இதைப்போலவே இருக்கிறதே என்று வடிவத்தை மாற்றிவிட்டார்கள். ஏற்கெனவே செய்த பெரிய மாடலை வீணாக்கவில்லை. தலைப்பகுதியை மாற்றி, படத்தின் முதல் காட்சியில் துரத்தப்படும் கலமாக ஆக்கினார்கள். அதனால்தான் ஒரு விநோதம்: திரையில் ராட்சதமாகத் தலைக்குமேல் வரும் ஸ்டார் டிஸ்ட்ராயரின் மாடல் சுமார் 3 அடி, அதற்கு முன்னால் தப்பி ஓடும் சின்னக் கலத்தின் மாடல் அதைப்போல இரண்டு மடங்கு.

வேன் நைஸில் அழுக்கு வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. இரண்டு தொழில்நுட்பக் காரணங்கள் அதன்பின்னால் இருந்தன. ஒன்று, கேமரா. டிக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்று பெயர்பெற்ற அமைப்பில் மாடல் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். கணக்கிட்ட பாதையில் கேமராதான் நகரும், அதே பாதையில் எத்தனை முறை வேண்டுமானாலும். லென்ஸ் மாடலுக்கு மிக அருகில் போகும். அவ்வளவு கிட்டத்தில் வெறுமையான பிளாஸ்டிக் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, நீலத் திரை. மாடலுக்குப் பின்னால் நீலத் திரை வைத்து எடுத்து, நீலம் இருக்கும் இடத்தில் நட்சத்திரங்களைச் சேர்ப்பார்கள். மாடல் பளபளப்பாக இருந்தால் நீலம் அதன்மேல் பிரதிபலிக்கும், அந்த இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். மங்கலான, பொடி படிந்த பரப்புக்கு அந்தத் தொல்லை குறைவு. கதாசிரியர் நீல அணி என்று எழுதியிருந்த எக்ஸ்-விங் படை திரையில் சிவப்பு அணி ஆனதும் இதே நீலத்தால்தான். 1979 ஸ்டார் ட்ரெக் படத்துக்காக முத்துப்போல் மின்னும் பெயின்ட் அடித்த என்டர்பிரைஸ் மாடல் 1982இல் இரண்டாம் படத்துக்காக ஐஎல்எம் கைக்கு வந்தபோது, அவர்கள் அதன் மினுக்கை மங்கலாக்கித்தான் படம் பிடித்தார்கள்.

மேற்பரப்பில் ஒட்டிய துண்டுபாகங்களுக்கு அங்கே வைத்த செல்லப்பெயர் கிரீப்ளி. என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனால் எதோ செய்கிறது போல இருக்கும். ஹசெகாவா நிறுவனத்தின் லியோபோல்ட் ரயில் பீரங்கி கிட், டமியாவின் ராணுவ வாகனங்கள், ரேஸ் கார்கள் எல்லாம் பிய்ந்து இதில் போயின. 1978இல் ஸ்டார் வார்ஸ் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பெற்ற ஐந்து பேரில் மெக்கியூனும் ஒருவர். மாடல் ஒட்டுவது விளையாட்டு வேலை இல்லை என்பதற்கு அது ஒரு அத்தாட்சி.

கடையிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து கடைக்கு

இங்கேதான் கதை வட்டமடிக்கிறது. ஏஎம்டி நிறுவனம் என்டர்பிரைஸ் கிட்டை 1966இலேயே விற்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம் 'தி டூம்ஸ்டே மெஷின்' என்ற ஸ்டார் ட்ரெக் அத்தியாயத்துக்கு நொறுங்கிப்போன ஒரு கலம் தேவைப்பட்டது. கடையில் விற்கும் அதே ஏஎம்டி கிட்டை எடுத்து, சேதப்படுத்தி, கருக்கி, திரையில் காட்டிவிட்டார்கள். கலத்தின் எண் 1017. கிட்டோடு வரும் 1701 ஸ்டிக்கரின் இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டியது, அவ்வளவுதான்.

ஸ்டார் வார்ஸுக்கு எம்பிசி நிறுவனம் கிட்டுகளைக் கொண்டுவந்தது. 2000களில் ஜப்பானின் ஃபைன் மோல்ட்ஸ் இன்னும் நுணுக்கமாகச் செய்தது. 2017இல் பண்டாய் 1/72 அளவில் ஒரு பிரமாண்டமான ஃபால்கனை வெளியிட்டது. இந்த ஜப்பானியக் கிட்டுகளை உற்றுப்பார்த்தால் ஒரு தமாஷ் தெரியும். 1976இல் யாரோ டாங்கி கிட்டிலிருந்து பிய்த்து ஒட்டிய சக்கரம், அதே இடத்தில், சுருங்கிய அளவில், புது அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். டாங்கி பாகம் விண்கலமாகி, விண்கலம் கிட்டாகி, கிட்டில் அது மறுபடி ஒரு பாகம்.

படத்தில் பயன்பட்ட மாடல்களை அதே அளவில் அப்படியே மறுபடி கட்டும் ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். புகைப்படங்களை வைத்துக்கொண்டு, இந்த மூலையில் உள்ள துண்டு எந்த நிறுவனத்தின் எந்தக் கிட்டில் எத்தனையாவது பாகம் என்று வருஷக்கணக்காகத் தேடுவார்கள். கல்வெட்டு படிக்கிறவர்களுக்குக் கொஞ்சமும் குறையாத பொறுமை. ஐஎல்எம் ஆட்கள் அவசரத்தில் கையில் கிடைத்ததை ஒட்டினார்கள். அந்த அவசரம் இன்று ஆவணமாகிவிட்டது.

அழுக்கின் இலக்கணம்

வேலை முறை ஒன்றும் ரகசியமில்லை. பிரைமர் அடித்து, அடிப்படை நிறம். பிறகு சில தகடுகளை மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்து, ஒரு சாயல் கூட்டியோ குறைத்தோ அடிப்பது. அடுத்து வாஷ்: நீர்க்கத் தளர்த்திய அடர்நிறப் பெயின்ட்டைத் தடவினால் அது பள்ளங்களில் போய்த் தங்கும். டிரை பிரஷ் இதற்கு நேர் எதிர். பிரஷை ஏறக்குறையக் காயவைத்து, மேட்டு விளிம்புகளில் மட்டும் வெளிர்நிறம் படும்படி உரசுவது. பெயின்ட் உரிந்தது காட்ட ஹேர்ஸ்ப்ரே. கீழ்நிறத்துக்கும் மேல்நிறத்துக்கும் நடுவில் அதை அடித்துவிட்டு, பிறகு ஈரப் பிரஷால் தேய்த்தால் மேல்நிறம் திட்டுத்திட்டாக எழும்பி வரும். கடைசியில் சாக்பீஸ், கரி போன்றவற்றின் பொடி.

இதில் பெரும்பகுதி டாங்கி மாடல் கட்டுகிறவர்கள் வளர்த்த வித்தை. 1970களில் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெயின், 1980களில் பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் போன்றவர்கள் இதைப் பரப்பினார்கள். டாங்கியிலிருந்து பாகம் மட்டுமில்லை, அழுக்கும் விண்வெளிக்குப் போனது.

சிக்கல் அங்கேதான். டாங்கியில் மழைநீர் மேலிருந்து கீழே வழியும், கோடும் அப்படியே வரையலாம். விண்கலத்தில் 'கீழே' எது? ஃபால்கன் கிரகங்களில் இறங்கி ஏறுகிறது, காற்றில் பறக்கிறது. அதனால் கறைகள் முன்னிருந்து பின்னாக ஓடினால் நியாயம். ஸ்டார் டிஸ்ட்ராயர் தரையையே தொடாது. அதற்கு மழைக் கறை போட்டால் பார்க்க அழகாக இருக்கலாம், பொருள் இருக்காது.

அளவு இன்னொரு சிக்கல். 1/72 ஃபால்கனில் ஒரு மில்லிமீட்டர் உரிசல் நிஜத்தில் 7 சென்டிமீட்டர். சரிதான், ஒரு இடி வாங்கிய தடம். ஸ்டார் டிஸ்ட்ராயர் கதைப்படி 1600 மீட்டர் நீளம். அதை 91 சென்டிமீட்டரில் செய்தால் அதே ஒரு மில்லிமீட்டர் உரிசல் நிஜத்தில் ஒன்றேமுக்கால் மீட்டர், ஒரு ஆள் உயரம்! டாங்கிக்குப் போடும் உரிசலை அப்படியே இதற்குப் போட்டால் பிரமாண்டக் கலம் பொம்மையாகச் சுருங்கிவிடும். அளவைக் காட்ட வந்த அழுக்கே அளவைக் கெடுக்கும்.

நிஜமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. 1981இல் பறக்கத் தொடங்கிய ஸ்பேஸ் ஷட்டில்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு கறையும் கோடுமாகத் திரும்பின. மாற்றிய ஓடு கருப்பாக, பழைய ஓடு வெளுத்து. 2017 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் ஏற்கெனவே பறந்த ராக்கெட்டை முதல்முறையாக மறுபடி ஏவியது. அதன்பிறகு உடம்பெல்லாம் கரி பூசிய ராக்கெட் ஏவுதளத்தில் நிற்பது சாதாரணக் காட்சியாகிவிட்டது. அதன் பெயர் ஃபால்கன் 9. மில்லெனியம் ஃபால்கனை வைத்துத்தான் அந்தப் பெயர். மறுபடி பயன்படுவதுதான் அழுக்காகும் என்ற லூகாஸ் கணக்கு பலித்தது.

வாஷிங்டன்: யாருடைய அழுக்கு?

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற சம்பவம். ஸ்டார் ட்ரெக் தொடரில் பயன்பட்ட 11 அடி என்டர்பிரைஸ் மாடல் 1964இல் மரம், பிளாஸ்டிக், தகடு எல்லாம் சேர்த்துச் செய்யப்பட்டது. விளக்குகளுக்கான வயர்கள் ஒரு பக்கமாக வெளியே வருவதால், வலப்பக்கத்தைத்தான் முழுமையாக அலங்கரித்தார்கள். 1974இல் அது ஸ்மித்சோனியனின் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்கு வந்தது. அங்கே சில தடவை பழுதுபார்த்தார்கள். 1991இல் நடந்த சீரமைப்பில் ஏறக்குறைய முழுக் கலத்துக்கும் புதுப் பெயின்ட் அடித்து, தகட்டுக் கட்டங்களை எடுப்பாகக் காட்டும் நிழல்களைச் சேர்த்தார்கள். தட்டின் மேற்பரப்பை மட்டும் தொடவில்லை.

ரசிகர்கள் கொதித்தார்கள். மாடல் அழகாக இல்லை என்பதல்ல புகார். கைவேலை திறமையானதுதான். ஆனால் அந்த அழுக்கு 1960களின் அழுக்கு இல்லை. ஸ்டார் வார்ஸ் பார்த்துப் பழகிய கண், தனக்கு முந்தைய காலத்துப் பொருள்மேல் தன் ரசனையைப் பூசிவிட்டது. பழைய மாடலில் மேற்பரப்புக் கட்டங்கள் மெல்லிய பென்சில் கோடுகள், கறைகள் மிக லேசானவை.

2014இல் அருங்காட்சியகம் மறுபடி வேலையை எடுத்தது. எக்ஸ்-ரே எடுத்தார்கள். பெயின்ட் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார்கள். பழைய புகைப்படம் இருந்தால் தாருங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். 1967 ஆகஸ்டில் மாடல் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. தொடாமல் விடப்பட்ட அந்தத் தட்டின் மேற்பரப்புதான் மூல நிறத்துக்குச் சாட்சி. அதை அப்படியே காப்பாற்றினார்கள். பெயின்ட் நுணுக்கங்களுக்கு வந்து உதவியவர்களில் ஐஎல்எம்-இன் பில் ஜார்ஜ், ஜான் குட்சன் போன்றவர்களும் உண்டு. தங்கள் பாணி அழுக்கைப் போடாமல், ஐம்பது வருஷம் முந்தைய ஒருவரின் கைப்பழக்கத்தில் அழுக்குப் போட்டார்கள். 2016இல் மாடல் மறுபடி காட்சிக்கு வந்தது.

இதைப் படித்த பிறகு நான் வெதரிங் செய்யும் முறை மாறிவிட்டது. முன்பு கலம் எவ்வளவு பழசாகத் தெரிகிறது என்று பார்ப்பேன். இப்போது ஒவ்வொரு கறையிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன்: நீ எப்படி வந்தாய்? எரிபொருள் ஊற்றும் வாய்க்குக் கீழே கறை இருந்தால் பதில் இருக்கிறது. ஏணி வைக்கும் இடத்தில் பெயின்ட் தேய்ந்திருந்தால் பதில் இருக்கிறது. சும்மா அழகுக்கு இருந்தால் துடைத்துவிடுகிறேன். பொய் வரலாறு எழுதுவதுதான் நம் வேலை, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொய்க்குள் ஒரு ஒழுங்கு வேண்டும். மேஜைமேல் இருக்கும் நம் பிளாஸ்டிக்கில் அது பிசகினால் நட்டமில்லை. நிஜமாகவே ஐம்பது வருஷம் வாழ்ந்த ஒரு பொருள்மேல் பிசகினால் நட்டம் எல்லோருக்கும். தட்டின் மேற்பரப்பை 1991இல் யாரோ தொடாமல் விட்டார்களே, அந்தக் கை எடுத்த முடிவுக்கு எனக்கு மரியாதை அதிகம்.